கிரீஸில் இடுப்பளவுத் தண்ணீர்

மகள் விடுதிக்குக் கிளம்புகிறாளே என்று போன வாரம் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கினேன். திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. உங்களுக்கு அந்த வாசனையில் என்ன நினைவு வருமோ, எனக்குக் கிரீஸ் தேசம்தான் வரும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. தாம்பரத்து வெயிலில் டை கட்டிக்கொண்டு டாக்டர்களின் வாசலில் காத்து நிற்கிற உத்தியோகம். எப்படியோ ஒரு வருடம் நன்றாக விற்றுவிட்டேன். பரிசாக, மனைவியோடு கிரீஸ் போய்வரச் சொன்னார்கள். செங்கல்பட்டைத் தாண்டினாலே பெரும்பயணம் என்று நினைக்கிறவன் நான். செய்தி காலனி முழுக்கப் பரவ, பக்கத்து வீட்டு நாராயணன் சார் தன்னுடைய டெல்லிக் காலத்துக் கம்பளிக் கோட்டோடு வந்துவிட்டார். அதில்தான் அந்தப் பாச்சை உருண்டை மணம்.

"ஐரோப்பான்னா குளிர் பிச்சு எடுத்துடும் சார். கோட் இல்லாம இறங்கிடாதீங்க."

"ஜூலை மாசம் கூடவா சார்?"

"மாசத்துக்கும் ஐரோப்பாவுக்கும் சம்பந்தமே கிடையாது."

"அங்க வெயில் காலம்ங்க" என்றாள் என் மனைவி செல்வி. கோவளம் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள். அவளை விட்டுவிட்டு நாராயணன் சாரை நம்பிய என் புத்தியை என்னவென்று சொல்ல!

ஏதென்ஸில் இறங்கியபோது பல்லாவரம் கல்குவாரியில் நடுமதியம் நிற்பதுபோல் இருந்தது. பெட்டியில் எடை கூடுமென்று கோட்டை உடம்பிலேயே மாட்டியிருந்தேன். ஒரு குழந்தை என்னைக் காட்டி அம்மாவிடம் ஏதோ கேட்டது. மொழி தெரியாததில் ஒரு நிம்மதி.

பிறகு ஒரு தீவுக்குக் கூட்டிப்போனார்கள். கடல் அப்படியொரு நீலம், அலையே இல்லை. உடன் வந்த சுற்றுலாப் பயணிகளுக்கு நான் கிரேக்க வரலாறு சொல்லிக்கொண்டிருந்தேன், எல்லாம் விமானத்தில் படித்தது. திரும்பிப் பார்த்தால் செல்வியைக் காணோம். அவளுடைய துப்பட்டா மணலில் கிடந்தது. தூரத்தில் தண்ணீருக்கு மேல் ஒரு தலை தெரிந்து மறைந்தது.

அவள் பெயரைக் கத்திக்கொண்டே ஷூவோடு கடலுக்குள் ஓடினேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது அப்போது நினைவிலேயே இல்லை. கால் வழுக்கிக் குப்புற விழுந்தேன். உப்பு மூக்கில் ஏறியது. கதை முடிந்தது என்று கையையும் காலையும் அடித்துக்கொண்டிருந்தபோது, யாரோ சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"யோவ், எழுந்து நில்லுய்யா! இடுப்பளவு தண்ணி கூட இல்ல, இன்னாத்துக்கு இப்டி கத்திகினு கீறே?"

நின்றேன். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. வீட்டில் எப்போதும் 'என்னங்க' என்றே பேசுகிற செல்வியின் வாயில் அவள் ஊர்ப் பேச்சை அன்றுதான் முதலில் கேட்டேன்.

"நீச்சல் தெரியும்னு சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பெரியவளானதும் கடல்ல இறங்கக் கூடாதுன்னுட்டாங்க. இங்க தெரிஞ்சவங்க யாரு இருக்காங்கன்னு போனேன். நீங்க ஊரையே கூட்டிட்டீங்க."

ஊர் திரும்பியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அம்மா வீட்டுக்குப் போவோம். எதிரே அகலமான மணல்வெளி. அங்கேதான் எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். அவள் அண்ணன்மார் வலை உதறுவதை நிறுத்திவிட்டு, "மாப்ள மூழ்கிட்டாரு பாரு!" என்று சிரிப்பார்கள். முதலில் முகம் சுளித்த மாமியார் பிறகு துண்டோடு கரைக்கு வர ஆரம்பித்தார்.

அந்த மணல் இப்போது இல்லை. கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே வர, கரை நெடுகக் கருங்கல் கொட்டிவிட்டார்கள். இறங்க வழியில்லை. போகும்போதெல்லாம் செல்வி அந்தக் கற்களின்மேல் கொஞ்ச நேரம் நிற்பாள். நானும் பக்கத்தில் நிற்பேன்.

"போலாங்க" என்பாள்.