அக்காவின் ஒன்பது வருடங்கள்

எங்கள் கொடைக்கானல் பேங்கில் ஜனவரி மாதம் ஒரு அதிசயம் பார்த்தேன். ஒரு பெண்மணி, "எனக்கு வயசைக் கம்மியாப் போட்டிருக்கீங்க" என்று மேனேஜரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்!

பார்த்தால்... நம்ம ரெஜினா அக்கா. எனக்குப் பக்கத்து வீடு. ஒரு பள்ளி ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். வந்த பணத்தை அப்படியே டெபாசிட்டில் போட்டிருந்தார். வீட்டு வாடகை, இன்சுலின் எல்லாம் அந்த வட்டியில்தான். அதில் வரி பிடித்துவிட்டார்கள்.

அறுபது தாண்டியவர், வரி கட்டுமளவு வருமானம் இல்லாதவர் என்றால் 15ஹெச் ஃபாரம் கொடுத்தால் போதும், பிடிக்க மாட்டார்கள். சீனியர் சிட்டிசனுக்கு வட்டியும் கொஞ்சம் கூடுதல். ஆனால் அக்காவின் கார்டுகளில் வயது ஐம்பத்தெட்டு.

"எனக்கு அறுபத்தேழு சார்."

"கார்டுல உள்ளதைத்தான்மா நாங்க பார்க்க முடியும். அறுபதுக்குக் கீழ உள்ளவங்களுக்கு வேற ஃபாரம் இருக்கு. கையெழுத்துப் போடுங்க, வரி நின்னுரும்."

"உறுதிமொழின்னு மேலயே போட்டிருக்கே. பொய்க் கையெழுத்தா போடச் சொல்றீங்க?"

நான் சிரித்துத் தொலைத்தேன். வயதைக் கூட்டச் சொல்லி யாராவது மல்லுக்கு நிற்பார்களா? அக்கா ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் துணைக்கு நானும் கிளம்பினேன்.

ஒன்பது வருடம் எங்கே போனது? சொந்த ஊரான வடகவுஞ்சியில் அக்காவின் குடும்பமே கோயிலில் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு ஒன்பது வயது. வேலையில் சேரும்போது அந்தச் சான்றிதழைத்தான் கொடுத்திருக்கிறார். யாரோ ஞானஸ்நானத் தேதியையே பிறந்த தேதியாக எழுதிவிட்டார்கள். பிறகு வந்த கார்டுகளிலும் அதுவே. பாவம், ஹாஸ்டலில் ஒன்பது வருடம் கூடுதலாக இட்லி அவித்திருக்கிறார்!

நாங்கள் போய் நின்றதும் அந்தக் கோயில் ஃபாதர் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை இறக்கித் தூசி தட்டினார். அக்காவின் பெயர், ஞானஸ்நானத் தேதி... அடுத்த கட்டத்தில் மையில் தெளிவாக: வயது ஒன்பது. அக்கா அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்தார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

அந்த நகலோடு மூன்று மாதம் ஆபீஸ் ஆபீஸாக ஏறினோம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பான்... எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அவருக்கு இல்லை.

போன வாரம் மறுபடி அதே கவுண்டர். புது கார்டைப் பார்த்து மேனேஜர், "அறுபத்தேழு" என்றார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார்."

சொன்னார். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். பிடித்த வரிக்கு ரிட்டர்ன் போட்டால் பணம் திரும்பி வருமாம்.

"ஃபாரம் வருஷா வருஷம் ஏப்ரல்ல புதுசாக் குடுக்கணும்மா. மறந்துராதீங்க."

"மொத ஆளா வெள்ளனே வந்து நிப்பேன் சார்" என்ற அக்கா, என் பக்கம் திரும்பினார். "நீங்க குடுத்துட்டீங்களா தம்பி?"

எங்கே கொடுத்தேன்? பத்திரிகையில் பத்தி எழுதிப் பிழைக்கிற எனக்கு வரி கட்ட வருமானமும் இல்லை. ஆனாலும் வருடா வருடம் வட்டியில் பிடித்தம் மட்டும் உண்டு. தலைக்கு டை அடித்துக்கொண்டு சீனியர் கவுண்டருக்குப் போகக் கூச்சம்.

அக்காவிடமே பேனா வாங்கி ஃபாரத்தை எழுதினேன். வயது என்ற இடத்தை மட்டும் இடது கையால் மறைத்துக்கொண்டேன்.