பின்கதவைக் கயிற்றால் கட்டிய பஸ்

இன்று காலை கற்பிட்டியில் முதல் ஆளாக பஸ்ஸில் ஏறினேன். பாலாவியில் ஒரு தொழிற்சாலையில் நேர்முகப் பரீட்சை.

பின்கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஏறுவதும் இறங்குவதும் முன்கதவால்தான்.

"தங்கச்சி, பின்னுக்குப் போங்க, எடம் கெடக்கு" என்றார் கண்டக்டர். போனேன்.

பாலாவி வந்ததும் கடைசியாக ஏறியவர்கள் முதலில் இறங்கினார்கள். நான் நெரிசலுக்குள்ளால் கதவுக்கு வருவதற்குள் பஸ் அடுத்த தரிப்புக்குப் போய்விட்டது. வெயிலில் திரும்பி நடந்தேன்.

தொழிற்சாலையில் பொறியியலாளர் கேட்ட முதல் கேள்வி: "ஒரே கொள்ளளவுல கலக்குற தொட்டியும் நீளக் குழாயும் இருக்கு. ரசாயன மாற்றம் எதுல கூடுதலா நடக்கும்?"

"பொதுவா குழாய்லதான் சேர். முதல்ல போனது முதல்ல வெளிய வரும், எல்லாத்துக்கும் ஒரே நேரம் கெடைக்கும். தொட்டியில இப்ப விழுந்ததுல கொஞ்சம் உடனே வெளிய போயிரும், முதல்ல போனதுல கொஞ்சம் உள்ளுக்கே சுத்தும். நான் வந்த பஸ் மாதிரி."

அவர் சிரித்துவிட்டார்.

"நல்லா வெளங்கித்தான் சொல்றீங்க மகள். ஆனா ஆள் எடுத்தாச்சு. முந்தாநாள் ஒருத்தர் விண்ணப்பம் தந்தார். இது சும்மா முறைக்குக் கூப்பிட்டது."

நான் விண்ணப்பம் அனுப்பியது போன ரமழான் நோன்புக்கு முந்தி.

தொட்டிக்குள் சில துளிகள் மிக நீண்ட காலம் தங்கிவிடும் என்று வகுப்பில் படித்தபோது, அது வெறும் கணக்கு என்றுதான் நினைத்தேன். பட்டம் எடுத்து மூன்று வருடம், இன்னும் வேலை இல்லை.

என்னோடு படித்தவர்களே, இன்னும் யார் யார் இந்தத் தொட்டிக்குள் இருக்கிறீர்கள்? பின்னுக்கு வாங்க, எடம் கெடக்கு.