கோழி எருவின் லத்தீன் வேர்

ஓய்வு பெற்றவர்கள் கோயில் கோயிலாகப் போவார்கள். நான் அகராதிக்குள் போனேன். வருவாய்த் துறையில் இருந்த காலமெல்லாம் மாண்டமஸ், மெயின்டனன்ஸ், டிமாண்ட், ரெகமெண்டேஷன் என்று எழுதியே கோப்புகளை நகர்த்தியவன், அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கோப்பு நகர்ந்திருக்காது.

எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். லத்தீனில் மானுஸ் என்றால் கை. கையில் பிடித்துக்கொண்டிருப்பது மெயின்டனன்ஸ். வேலையை இன்னொருவன் கையில் கொடுத்துச் செய்யச் சொல்வதிலிருந்து கமாண்டும் டிமாண்டும் வந்தன. ரெகமெண்டேஷனும் அந்தக் கிளைதான். கடமையைச் செய்யாத அதிகாரியைப் பார்த்து உயர் நீதிமன்றம் ‘செய்’ என்று சொல்லும் மாண்டமஸும் அதே. மேனேஜர், குதிரையைக் கையால் பழக்கியவனின் வாரிசு. நம் மனுவுக்கும் இவற்றுக்கும் உறவில்லை. ஒலி ஒத்திருக்கிறது என்று உறவு கொண்டாடுவது, சொற்களைப் பொறுத்தவரை, அறிவீனம்.

என்னைத் திகைக்க வைத்தது மேன்யூர், அதாவது எரு. நிலத்தைக் கையால் பாடுபட்டுத் திருத்துவது என்பதே அதன் பழைய பொருள். போகப்போகப் பாடு கழன்று சாணம் மட்டும் மிஞ்சியது. அதே சொல் பிரெஞ்சு வழியாக இன்னொரு முறை ஆங்கிலத்துக்குள் வந்தபோது மெனூவர் ஆயிற்று: படை நகர்த்தல், காய் நகர்த்தல், தந்திரம். எருவும் தந்திரமும் உடன்பிறப்புகள். இதை நான் படித்தது நாமக்கல்லை ஒட்டிய ஓர் ஊரில், முட்டைக்கோழிப் பண்ணைக்கு அடுத்த வீட்டில், பக்கத்தைப் புரட்டுமுன் ஈயை விரட்டிக்கொண்டு.

பண்ணை என் மனைவியின் பெரியப்பா மகனுடையது. அவளுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை; அண்ணன் என்று இருப்பவர் அவர் ஒருவர்தான். கூண்டுகளுக்கு அடியில் குவியும் எரு மழையில் நனைந்தால் ஈ கிளம்பும். சோற்றுத் தட்டில், பால் சொம்பில், சாமி படத்தில், எங்கும் ஈ. போன மழைக்காலத்தில் மனைவி கொசுவலைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துச் சொன்னாள்:

“ஒண்ணு ஈ போகோணும். இல்லீனா நான் மேட்டூருக்கு, நம்ம புள்ள ஊட்டுக்குப் போகோணும். ரெண்டுல எதுன்னு நீங்களே பாருங்க.”

எனக்கா வழி தெரியாது? திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு. அது கோட்டாட்சியருக்கு இறங்கி, வட்டாட்சியருக்கு இறங்கி, வருவாய் ஆய்வாளரின் மேசையில் வந்து படுக்கும். அங்கே தூங்கினால் நினைவூட்டு. அப்புறமும் தூங்கினால் மாண்டமஸ். தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஈ சாதி பார்த்தா உட்காருகிறது?

மைத்துனர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. கையெழுத்துப் போட்டவர்களின் நிலத்தில் ஆளுக்கொரு லோடு எருவை இறக்கினார், இலவசமாக. மரவள்ளி போட்டவர், மஞ்சள் போட்டவர், ஒருவரையும் விடவில்லை. எதிர்வீட்டுக்காரர் வந்து வாசலிலேயே நின்றார்.

“சார், நீங்க தப்பா நெனைக்கப்படாது. காட்டுல எரு எறங்கிப் போச்சுங்க. இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் சாட்சி சொல்றதுங்க?”

“ஈ?”

“அது மழைக்கு வாரதுதானுங்களே!”

ரோமில் மகன் அப்பனின் கைப்பிடிக்குள் இருந்தானாம். அந்தப் பிடியிலிருந்து எடுத்து விடுவதற்குப் பெயர்தான் எமான்சிபேஷன், விடுதலை. நம் ஊரில் கைவிட்டார்கள் என்றால் வேறு பொருள். தெரு என்னைத் தமிழ் முறைப்படியே விட்டது.

இனி மனைவியின் வாக்குமூலம் ஒன்றுதான் மிச்சம். அது போதும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் நாளெல்லாம் இருந்து அவதிப்படுகிறவள் சொல்வதை எந்த ஆய்வாளராலும் தள்ள முடியாது.

ஆய்வாளர் நேரில் பார்க்க வரும் தணிக்கை எப்போது என்பது மனுதாரருக்கு முன்பே எதிர்மனுதாரருக்குத் தெரியவரும். அதுவும் நடைமுறையில் சேர்ந்ததே. எருவை அள்ளி, சுண்ணாம்புத் தூள் போட்டு, மருந்தடித்து, பண்ணை கல்யாண வீடு போல இருந்தது. ஆய்வாளர் இளைஞர். மரியாதையாகத்தான் வந்தார். கூடவே மைத்துனரும் வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார்.

“அம்மிணி, சாருக்கும் எனக்கும் தண்ணி கொண்டா சாமி.”

கொண்டுவந்தாள். மருந்துக்குத் தப்பிய ஓர் ஈ சொம்பின் விளிம்பில் உட்கார்ந்தது. என் வழக்கில் கடைசிவரை நின்ற சாட்சி அது ஒன்றுதான்.

“அம்மா, ஈத் தொல்லை எப்படிங்க இருக்குது?” என்றார் ஆய்வாளர்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். கையை வீசி ஈயை ஓட்டினாள்.

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

ஆய்வாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். மனுதாரரின் மனைவியே தொல்லை இல்லை எனத் தெரிவித்ததால் மனு முடித்து வைக்கப்படும். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அவர்கள் போன பின் கேட்டேன். குரலை உயர்த்தித்தான் கேட்டேன்.

“உங்களுக்குச் சட்டம் தெரியுமுங்க,” என்றாள். “நாளைக்கு நான் கண்ண மூடுனா பொறந்த ஊட்டுக் கோடித்துணி யாரு கொண்டாந்து போடுவாங்க? உங்க கலெக்டரா?”



அடுத்த மழைக்கு எரு நனைந்தது. அவள் பெட்டியைக் கட்டினாள். சொன்னதைச் செய்கிறவள். பேருந்தில் போகிறேன் என்றவளை அண்ணன் விடவில்லை. தன் காரையே கொண்டுவந்து நிறுத்தி, பெட்டியைத் தானே தூக்கி வைத்தார். அவள் ஏறி உட்கார்ந்ததும் என்னிடம் வந்து, தோளில் கை போட்டுச் சொன்னார்:

“அம்மிணி அங்க கொஞ்ச நாளைக்கு இருந்துட்டு வரட்டும் மாப்ள. இங்க ஈ வேற சாஸ்தியா இருக்குது பாருங்க.”

அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்ய அப்போது அங்கே அதிகாரி யாரும் இல்லை.