விலகி நின்ற நீதிபதி

சோல்வெய்க் ஹாகனை நேர்மையில் குறை சொல்ல அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஆள் கிடையாது. விவசாயி மகளாகப் பிறந்து, அதிபர் கையால் நியமனம் பெற்று, மத்திய மாவட்ட நீதிபதியாக உயர்ந்தவள். ஆயுள் முழுக்க அந்த நாற்காலி அவளுக்குத்தான். பதவிக்கு வந்த நாளிலிருந்து வழக்கறிஞர் வீட்டு விருந்துக்குப் போனதில்லை. பழைய சிநேகிதர்களையும் ஒவ்வொருவராக விட்டுவிட்டாள். மார்லிஸை மட்டும் விட மனம் வரவில்லை. மார்லிஸின் மகன் ஆர்லோவுக்கு அவள்தான் ஞானத்தாய். பிள்ளையில்லாத அவளுக்கு அவன்தான் பிள்ளை.

அந்த ஆர்லோ போதை மாத்திரை விற்றுப் பிடிபட்டான். வழக்கு சோல்வெய்க்கிடமே வந்து விழுந்தது. மார்லிஸ் ஓடிவந்தாள்.

"உங்கிட்ட வந்திருக்குன்னு கேட்டப்புறம்தான்டி எனக்கு மூச்சே வந்துச்சு."

"நான் விலகிட்டேன் மார்லிஸ். வெளியூர் நீதிபதி வர்றாரு."

"சும்மா விடுன்னா கேட்டேன்? தப்பு பண்ணான், உள்ள போகட்டும். சரி, வர்றவருக்கு ஒரு கடிதமாவது எழுது. அவன் நல்லவன்னு நீ சொன்னா கேப்பாருடி."

"எழுதக் கூடாதுடி. நீதிபதி யாருக்காகவும் சிபாரிசு பண்ணக் கூடாது."

"அப்ப நாற்காலிய விட்டுட்டு வந்து சொல்லு!"

ராஜினாமா செய்யலாம் என்பது சோல்வெய்க்குக்கும் தோன்றாமல் இல்லை. இவ்வளவு வருஷப் பாடு கண்முன் வந்து நின்றது. மனம் துணியவில்லை.

தீர்ப்பு நாளன்று அதே கட்டடத்தின் மேல்மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே ஆர்லோவுக்குப் பன்னிரண்டு வருஷச் சிறை விழுந்தது. வந்தவர் கெட்டவரில்லை. ஆர்லோவைப் பற்றிக் காகிதத்தில் இருந்ததுதான் அவருக்குத் தெரியும். தன் கையில் இருந்திருந்தால் நான்கோடு முடிந்திருக்கும் என்று சோல்வெய்க்குக்குத் தெரிந்தது. அன்று அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. மார்லிஸ் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஐந்தாம் வருஷம் சிறையில் நடந்த அடிதடியில் ஆர்லோ செத்துப்போனான்.

சவ அடக்கத்துக்குப் பிறகு, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் சாப்பாடு போட்டார்கள். ஆர்லோவைப் பற்றி யாராவது பேச விரும்புகிறீர்களா என்று பாதிரியார் கேட்டார். சோல்வெய்க் மெல்ல எழுந்தாள். சொல்ல அவளிடம் எவ்வளவோ இருந்தது.

மார்லிஸ் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"உட்காரு சோல்வெய்க். இங்க இருக்கிற எல்லாருக்கும் அவன் நல்லவன்னு தெரியும்."