பர்மா வழியில் எடுத்த பிள்ளை

ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கீழே பஸ்ஸை நிறுத்தி, பஞ்சம்மாளையும் பிள்ளையையும் இறக்கிவிட்டார்கள். மொட்டைத் தலை, கிழிந்த சேலை, வீங்கிய கால். பர்மாவிலிருந்து நடந்து வந்தவள் என்று தெரிந்ததும், "காலராவக் கொண்டாந்துருப்பாய்யா" என்று ஒருவர் சொல்ல, மொத்த பஸ்ஸும் எழுந்துகொண்டது. அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சு வளர்ந்தால் பிள்ளையைப் பற்றிக் கேட்பார்கள்.

அது 1942, ஆனி மாதம். ரங்கூன் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவள் கணவன் ஒச்சாண்டி, ஜப்பான்காரர்களின் முதல் நாள் குண்டுவீச்சிலேயே செத்துப்போனான். ஜனத்தோடு ஜனமாக அவளும் வடக்கே நடந்தாள். மணிப்பூர் மலைப்பாதையில், கொட்டுகிற மழையில், மரத்தடியில் ஒரு பெண் சாய்ந்து கிடந்தாள். அவள் முந்தானையைப் பிடித்தபடி மூன்று வயதுப் பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. பஞ்சம்மாள் குனிந்து அந்தப் பெண்ணின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். விரல் குளிரில் மரத்துப்போயிருந்தது. பின்னால் வந்தவர்கள் "நிக்காத, நட" என்று நெருக்கினார்கள். குழந்தையின் கையைப் பிரித்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

மூச்சு பட்டதா, படவில்லையா?

அன்றிலிருந்து இந்தக் கேள்வி அவளோடேயே வந்தது. குழந்தை "நீள்ளு" என்று தண்ணீர் கேட்டபோதுதான் தெலுங்குப் பிள்ளை என்று தெரிந்தது. அகதி முகாமில் பெயர் பதிந்தவரிடம், "எம் மகதான், பேரு மாயக்கா" என்றாள். அதற்குப் பிறகு குழந்தை வாயைத் திறந்தாலே பொத்தினாள். சென்னை வருவதற்குள் அது பேசுவதையே விட்டுவிட்டது.

தேனி கடைத்தெருவை முக்காடு போட்டுக் கடந்தாள். வீரபாண்டியில் ஆற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். சின்னமனூர் தாண்டியதும் சொந்த மண் வாசனை வந்தது. ஆனால் கால் பின்வாங்கியது. எத்தனையோ மலை ஏறி இறங்கியபோது இல்லாத நடுக்கம் இந்தச் சமதரையில் வந்தது. அனுமந்தன்பட்டியில் அண்ணன் சுருளியாண்டி இருக்கிறார். அவரிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

மறுநாள் மத்தியானம் வாசலில் போய் நின்றவளை அண்ணனுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் ஓவென்று அழுதார்.

"மாப்பிள்ள எங்க ஆத்தா?"

"போயிட்டாகண்ணே."

வெகுநேரம் கழித்துத்தான் அவர் பிள்ளையைக் கவனித்தார். "இது யாரு? கடுதாசில பிள்ள பெறந்ததா எழுதலையே."

"எம் மகதாண்ணே."

அந்த நேரம் பார்த்துத் தெருநாய் ஒன்று உள்ளே நுழைந்தது. பிள்ளை அலறிப் பாய்ந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. "அம்மா, குக்கா! குக்கா!"

தெலுங்கு பேசும் சம்சாரிகளின் தோட்டத்தில் பாதி வாழ்நாள் வேலை பார்த்தவர் சுருளியாண்டி; நாயை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தங்கையின் முகத்தையே பார்த்தார். அவள் பிள்ளையை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"மூச்சு இருந்துச்சா இல்லையான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியலண்ணே."

அண்ணன் திட்டவில்லை. "தகப்பன் எங்கனயாச்சும் தேடிக்கிட்டு அலைவான். எழுதிப் போடணும் ஆத்தா" என்று மட்டும் சொன்னார். தேனி ஜவுளிக் கடை ஞானதுரையைக் கொண்டு சென்னையில் அகதிகளுக்கான அலுவலகத்துக்கு விவரம் எழுதினார்கள். அதன்பின் தபால்காரர் தெருவில் திரும்பினாலே பஞ்சம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பிள்ளை தமிழ் பேசக் கற்றது, அவளை ஆத்தா என்றது. அவள் பயம் இன்னும் கூடியது.

இரண்டாம் வருஷம் தை மாதம், பர்மா வழியில் தொலைந்த மகளைத் தேடி ஓர் ஆள் வந்தார். விசாகப்பட்டினம் பக்கத்துக்காரர், கையில் ஞானதுரை எழுதிய கடிதம். பஞ்சம்மாள் பிள்ளையை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். அவர் மண்டியிட்டு, "ரா அம்மா" என்று கைநீட்டினார். தெலுங்கு மறந்துபோன பிள்ளைக்கு அது புரியவில்லை. திரும்பி அவளைப் பார்த்தது.

"காது பின்னால, நெருப்பு சுட்ட தழும்பு உண்டு" என்றார் அவர், உடைந்த தமிழில்.

பஞ்சம்மாளே பிள்ளையின் தலைமுடியை ஒதுக்கிக் காட்டினாள். இரண்டு காதுக்குப் பின்னாலும் தோல் வழுவழுவென்று இருந்தது.

அவர் மறுபடி மறுபடி தடவிப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

சோறு போட்டார்கள். அவர் இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, நிமிர்ந்து கேட்டார்: "அந்த வழியில, இந்த மாதிரி வேற பிள்ளைங்க உட்கார்ந்திருந்துதா அம்மா?"

பஞ்சம்மாள் எத்தனையோ பார்த்திருந்தாள். எண்ணவில்லை, திரும்பிப் பார்க்காமல் நடந்திருந்தாள்.

"இல்லண்ணே," என்றாள். "இது ஒண்ணுதான்."