நோர்வேயில் ஓம் சொல்வது

நோர்வேக்கு வந்து ஆறு மாதமாகியும் என் வாயைவிட்டுப் போகாத சொல் ‘ஓம்’. கடையில் பை வேண்டுமா என்று கேட்டால் ஓம். பஸ்ஸில் பக்கத்து இருக்கை வெறுமையா என்று கேட்டால் ஓம். கேட்டவர்கள் அசையமாட்டார்கள், என் முகத்தைப் பார்த்தபடி காத்து நிற்பார்கள். இந்த மொழியிலும் ‘ஓம்’ இருக்கிறது, பொருள்தான் வேறு. ‘வந்தால்’, ‘கிடைத்தால்’ என்று நாங்கள் கடைசியில் ஒட்டுகிற ‘ஆல்’ இருக்கிறதே, அதை இவர்கள் வசனத்தின் தொடக்கத்தில் ‘ஓம்’ என்று வைப்பார்கள். நான் சம்மதம் சொன்னதாக நினைத்துக்கொண்டிருப்பேன். அவர்களுக்கு நான் ஒரு வசனத்தைத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிற்கிறவன்.

முதியோர் இல்லங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் குசினிகளுக்கு மென்பொருள் எழுதும் சிறிய இடத்தில் எனக்கு வேலை. தகுதிகாண் காலம் ஒரு வெள்ளிக்கிழமை முடிய இருந்தது. நிரந்தரமாக்கினால் விடுமுறையில் வருவேன் என்று கிளிநொச்சியில் வீட்டுக்குச் சொல்லியிருந்தேன். அந்த வாரம் தந்த வேலை சின்னது. தரவுத்தளத்தில் ‘குறிப்பு’ என்று தலைப்பிட்டிருந்த நெடுவரிசையை ‘கூடாத உணவு’ என்று பெயர் மாற்றவேண்டும். தரவுத்தளத்தை நாங்கள் கையால் தொடுவதில்லை. மென்பொருளின் நிரலில் பெயரை மாற்றினால், ஒரு கருவி பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, செய்யவேண்டியதைத் தானே ஒரு கோப்பாக எழுதித் தரும். அதற்குப் பெயர் மைக்ரேஷன். பரிசோதிக்க வைத்திருந்த பிரதியில் அதை ஓட்டினேன். ஒரு பிழையும் காட்டவில்லை.

புதன்கிழமை, எங்கள் குழுவுக்குப் பொறுப்பான மாரித் என் மேசைக்கு வந்தார்.

“பழைய குறிப்புகள் அப்படியே இருக்கும்தானே?”

“ஓம்.”

அவர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார். “சரி, சொல்.”

“எதை?”

“ஏதோ ‘ஆல்’ என்றாயே. என்ன நடந்தால் இருக்கும்?”

நான் ஆம் என்றுதான் சொன்னேன் என்று வாயெடுத்தேன். ஆனால் அந்தக் கோப்பை நான் திறந்தே பார்த்திருக்கவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போர் முடிந்து எங்கள் ஊரான முரசுமோட்டைக்குத் திரும்பிய காலத்தில், ஓர் அலுவலகத்தில் பழைய காணிப் பதிவேட்டைப் புதிதாக எழுதினார்கள். “எல்லாம் சரிதானே ஐயா?” என்று எழுதியவர் தாளைத் திருப்பிக் காட்ட, “ஓம் ஓம், சரி தம்பி” என்று அப்பா பெருவிரலைப் பதித்துவிட்டு வந்தார். புதிய பதிவேட்டில் ‘வயல்’ என்ற தலைப்பு இருந்தது. அதற்குக் கீழே எங்கள் வயல் இல்லை. திரும்ப ஏற்றுவதற்கு இரண்டு போகம் அலைந்தோம்.

“பாக்காமல் ஏனப்பா ஓம் எண்டனீங்கள்?” என்று கத்தினேன்.

“வாசிக்கத் தெரிஞ்சவன் நீதானேடா. நீ ஏன் அண்டைக்கு என்னோட வரேல்ல?” என்றார்.

வாசிக்கத் தெரிந்தவன் இப்போது கோப்பைத் திறந்தேன். இரண்டே கட்டளைகள். ‘குறிப்பு’ நெடுவரிசையை அழி. ‘கூடாத உணவு’ என்று புதிதாக ஒன்றை உண்டாக்கு. கருவியில் குற்றமில்லை. ஒரு பெயர் காணாமல் போயிருக்கிறது, இன்னொரு பெயர் வந்திருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று அதற்கு யார் சொன்னது? பிரதியைப் பார்த்தோம். யாருக்குப் பால் ஒத்துவராது, யாருக்கு மீன் ஒத்துவராது என்று சமையற்காரர்கள் வருடக்கணக்காக எழுதிவைத்தது ஒன்றுமே இல்லை.

“பின்னுக்கு எடு” என்றார் மாரித். மைக்ரேஷனைத் தலைகீழாக ஓட்டினேன். ‘குறிப்பு’ திரும்பி வந்தது, வெறும் தலைப்பாக.

“நாளைக் காலை சரியாக எழுதி வைக்கிறேன். ஓட்டுவதற்கு முதல் இருவரும் வாசிப்போம்” என்றேன். காலையில் புதிய பிரதி எடுத்தேன். கருவி எழுதிய இரண்டையும் நீக்கி, ‘பெயரை மட்டும் மாற்று’ என்ற ஒற்றைக் கட்டளையைக் கையால் எழுதினேன். மாரித் சத்தமாக வாசித்தார். ஓட்டினேன். புதிய தலைப்பின் கீழே பாலும் மீனும் வரிசையாக இருந்தன. மத்தியானம் உண்மையான தரவுத்தளத்திலும் அதுவே நடந்தது.

வெள்ளிக்கிழமை அவர் கடிதத்தை நீட்டியபோது, என்னால் பேசாமல் வாங்க முடியவில்லை. “அன்றைக்கு நான் ஆம் என்றுதான் சொன்னேன்.”

“தெரியும். ‘ஆல்’ உன் முகத்தில் இருந்தது” என்று சிரித்தார்.

கையெழுத்து வைக்குமுன் மூன்று பக்கத்தையும் வாசித்தேன். வேலை நிரந்தரம். விடுமுறை மட்டும், அந்தந்த நேரத்து வேலையைப் பொறுத்து, கேட்டுத்தான் எடுக்கலாம்.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

“தம்பி, சரிவந்திட்டுதோ?”

“ஓம் அம்மா, நிரந்தரமாக்கிப் போட்டினம்.”

“அப்ப மாசியில வயல் வெட்டுக்கு நிப்பாய்தானே? உன்ர அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறார்.”

“ஓம்.”

பஸ்ஸில் என் முகத்தைப் பார்த்து நிற்பவர்களைப்போல அம்மாவும் காத்திருந்தார்.

“என்னடா, ஓம் எண்டுபோட்டு நிக்கிறாய்? மிச்சத்தைச் சொல்லு.”