நீடாமங்கலம் கேட்டில் ஓர் ஆன்டிபாடி

இன்று மதியம் நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. திறந்திருந்தால்தான் அது செய்தி; இதை ஒரு செய்தியாக எழுதுவதற்கு மன்னிக்கவும்.

பஸ்ஸில் என் மடியில் ஒரு தெர்மாகோல் பெட்டி. உள்ளே, பல மாதம் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்த, ரத்தச் சோதனைக்கான ஆன்டிபாடி. தஞ்சாவூர் கூரியர் ஆபீஸில் வாங்கி, திருவாரூரில் எங்கள் லேபுக்குக் கொண்டுபோகிறேன். ஐஸ் உருகினால் அது கெட்டுவிடும். நடவு வேலை செய்பவர்களிடம் எடுத்த ரத்த மாதிரிகள் சோதிக்க வழியில்லாமல் ஃப்ரீசரிலேயே கிடக்கும்.

தண்டவாளத்தில் ரயில் எஞ்சின் முன்னே போனது. பின்னே வந்தது. ஐஸ் உருகியது. இறங்கி நடக்கவும் வழியில்லை, சுற்றிலும் நெல் லாரிகள்.

ஜன்னலோரம் வந்த சர்பத்காரரிடம் ஐஸ் கேட்டேன்.

"ஐஸ் மட்டும் தர்றதில்லைங்க. சர்பத் வாங்குங்க."

வாங்கினேன். ஐஸைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, வெதுவெதுப்பான சர்பத்தை நான் குடித்தேன். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

பக்கத்து சீட்டில் கூத்தாநல்லூர் பாய் ஒருவர். துபாயில் கட்டட வேலை, விடுமுறையில் வந்திருக்கிறார்.

"பெட்டியில என்ன தம்பி, மீனா?"

"இல்ல பாய். உடம்புல சூடு ஏறுனா செல்லுக்குள்ள ஒரு புரோட்டீன்ல பாஸ்பேட் ஒட்டிக்கும். ஒட்டியிருக்கான்னு இது காட்டிக்கொடுக்கும்."

"வெயில் தாக்கிருச்சான்னு கண்டுபிடிக்கவா? அதுக்கு ஃபாரின்லேர்ந்தா? என் மூஞ்சியப் பாருங்க, தெரியல? துபாய்லகூட மத்தியானம் இப்படி வெயில்ல நிக்க விடமாட்டாங்க தம்பி."

ஒருவழியாகக் கேட் திறந்தது. ஆன்டிபாடி பிழைத்துவிட்டது என்றே நம்புகிறேன்.

ஆனால் சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க, சூடு தாக்காத ஒருவரின் ரத்தமும் வேண்டும். நீடாமங்கலம் கேட்டில் ஒருமுறைகூட நிற்காதவர் நம் பக்கத்தில் யாராவது இருந்தால், கமெண்டில் சொல்லுங்கள்.